டிங் ஐயாவின் பலகை

கடலோரத்தைக் காக்கும் மாட்சு அம்மனின் கோயில் உத்தரத்தில் நான்கு பலகைகள் தொங்க வேண்டும். அன்று காலை மூன்றுதான் தொங்கின.

நான்காவது இருந்த இடத்தில் நீளமாக ஒரு வெளுப்பு தெரிந்தது. சுற்றிலும் பல வருஷத்து ஊதுவத்திப் புகை கரியாக ஏறியிருக்க, பலகை மறைத்திருந்த சுவர் மட்டும் அன்றுதான் பூசியதுபோல் இருந்தது.

"நம்ம ஹாய்வேய் கரையில பொறந்து பெரிய பதவிக்குப் போனவங்க நாலே பேரு மேடம்" என்றார் கோயில் தலைவர் வூ, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "நாலு பேரும் ஜெயிச்ச கையோட அம்மனுக்குப் பலகை வச்சாங்க. அதுல பெருசு டிங் ஐயாவோடது. நாலு தடவை ஜெயிச்சு தைபேய் சட்டசபைக்குப் போனவரு. 'கரை காத்த கருணை'ன்னு தங்க எழுத்து."

ஆதாவ் வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "மத்த மூணு பேரும் பத்திரமா இருக்காங்க அக்கா. ரெண்டு பேரு சாம்பல், ஒருத்தரு ஜெயில். வெளிய இருந்த ஒரே ஆளு டிங் ஐயாதான். இப்ப அவரும் உள்ள போயிட்டாரா, வெளிய போயிட்டாரான்னு தெரியல."

"வாயை மூடு" என்றாள் பீலியன்.

காவ் பீலியன் போலீஸ் வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆதாவ் அதற்கு முன்னால் கல்யாண மேடை, கருமாதிப் பந்தல், தேர்தல் கூட்டம் என்று எங்கே மைக் இருந்தாலும் பேசிப் பிழைத்தவன். மைக் இல்லாவிட்டாலும் பேச்சு நிற்காது என்பது வேலைக்குச் சேர்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டிங் ஐயாவின் மகள் ரூஹுய் வந்து நின்றாள். மாவட்டத் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். தன் பெயர் போட்ட பச்சை மேலங்கி. வளைந்து வணங்கி, பீலியனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணினதும் ஓடி வந்துட்டீங்க அக்கா. போலீஸுக்குப் போனா, அவங்க இப்ப பதவியில இருக்கறவரு பேச்சைக் கேக்கறவங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? சாயங்காலம் வெளி முற்றத்துல கூட்டம். அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அந்த வயசுல அவரு வெறும் சுவரைப் பாக்கக் கூடாது."

கண்ணோரத்தில் ஈரம். பீலியனுக்கு மனசு இளகியது. கூடவே, "உங்கள விட்டா யாரு இருக்கா" என்ற வார்த்தை வெல்லக் கட்டி மாதிரி உள்ளே கரைந்தது.

அவள் வேலையைத் தொடங்கினாள். ஏணி சுவரோரம் சாய்ந்திருந்தது. படிகளில் வெள்ளையாக ஏதோ நெறுநெறுத்தது. சிப்பி ஓட்டுத் தூள்.

"பிரமாதம்" என்றான் ஆதாவ். "இந்த ஊர்ல சிப்பித் தூள் ஒட்டாதது அம்மன் கிரீடம் ஒண்ணுதான். எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டுடலாமா?"

ஏணியின் ஆணியில் பூப்போட்ட துணியின் நூல் ஒன்று சிக்கியிருந்தது. சிப்பி உடைக்கும் பெண்கள் முழங்கை வரை மாட்டிக்கொள்ளும் கையுறைத் துணி. அப்புறம், ஏணிக்கு நேர் கீழே, தரையில், சிவப்புப் பிறைக்கட்டைகள் இரண்டு. அம்மனிடம் உத்தரவு கேட்டுப் போடுகிற கட்டைகள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. அம்மன் 'சரி' என்று சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

பீலியனின் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

"ஆதாவ், இது அரசியல்காரன் செஞ்ச வேலை இல்ல. எதிர்க்கட்சிக்காரன் அனுப்பின ஆளு கட்டை போட்டுக் கேட்டுட்டா திருடுவான்? இது பக்தியுள்ள ஒரு பொம்பளை. மனசுல தீராத கோபம். திருடறது பாவம்னு பயம். அதனால உத்தரவு வாங்கியிருக்கா. வாங்கினதை எல்லாரும் பாக்கட்டும்னு கட்டையை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கா."

வூ வாயைப் பிளந்தார். ஆதாவ் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"போன வருஷமும் ஒரு உண்டியல் திருடனைப் பிறைக்கட்டையை வச்சுத்தான பிடிச்சீங்க? 'தெய்வத்தோடு பேசும் துப்பறிவாளர்'னு பத்திரிகையில போட்டான். அதை மாட்டி வச்ச கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு என் கை தேஞ்சு கிடக்கு. மறுபடியும் கட்டையா? திருடங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?"

"பொறாமைப்படாதே. வூ ஐயா, இந்தப் பலகை மேல யாருக்குக் கோபம்?"

வூ தயங்கினார். "தெற்குச் சந்து லுவான். சிப்பிக் கொட்டகைக்காரி. கடல் உள்ள வந்தா முதல்ல அவங்க சந்துதான் முழுகும். ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து இந்தப் பலகைக்குக் கீழ நின்னு, 'அம்மா, இந்தப் பொய்யைக் கழட்டி எறியட்டுமா'ன்னு சத்தமா கேட்டுக் கட்டை போடுவா. ஊருக்கே தெரியும்."

"ஆனா அக்கா" என்று இழுத்தான் ஆதாவ். "அந்தக் கனத்தை ஒத்தைப் பொம்பளை எப்படி..."

"மாட்டறப்ப ஆறு பேரு தூக்கினோம்" என்றார் வூ.

"சிப்பி மூட்டை தூக்கறவளுக்கு எல்லாம் முடியும்" என்று வெட்டினாள் பீலியன். அவள் அதற்குள் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

* * *

கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் ஓட்டுக் குவியலுக்கு நடுவே குந்தியிருந்தார்கள். பூப்போட்ட தொப்பி, பூப்போட்ட கையுறை. கத்தி முனை ஒரு தட்டு, ஒரு திருப்பு, சிப்பிச் சதை தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தது. பீலியன் உள்ளே வந்ததும் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"லுவான் யாரு?"

ஐம்பது வயசுக்காரி ஒருத்தி நிமிர்ந்தாள். "நான்தான். சிப்பி வேணும்னா அந்தப் பக்கம் நில்லுங்க."

"சிப்பி வேண்டாம். பலகை வேணும்."

பீலியன் குரலைத் தாழ்த்தவில்லை. ஏணி, தூள், நூல், கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அழகாக இருந்தது. வாசலில் நிழல்கள் கூடுவதைப் பார்த்தாள். யாரோ டிவிக்காரர்கள், கேமரா. குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

லுவான் கத்தியைக் கீழே வைத்தாள். "கேட்டேன். மூணு வருஷமா கேக்கறேன். அம்மன் ஒரு தடவைகூட சரின்னு சொல்லல. ரெண்டு தடவை ரெண்டு கட்டையும் மல்லாந்து விழுந்து, சிரிச்சா. மத்ததெல்லாம் வேண்டாம்னுட்டா. அவ வேண்டாம்னா நான் தொடுவேனா?"

"நேத்து சரின்னு சொல்லியிருக்காளே!"

"சொல்லியிருந்தா பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, நானே கோடாலியோட போயிருப்பேன்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். பீலியனின் பார்வை மூலைக்குப் போனது. சுவரோரம், சிவப்புத் துணி சுற்றி, நீளமாக, தட்டையாக ஒன்று நின்றது.

லுவானின் முகம் மாறியது. "அதைத் தொடாதீங்க."

"ஏன்?"

"என் சொந்த சாமான். கும்பிட்டுக் கேக்கறேன் மேடம். இப்ப வேண்டாம். இவங்க எல்லாரும் போகட்டும், நானே காட்டறேன்."

கெஞ்சல் என்பது குற்றத்தின் கடைசிக் குரல் என்று போலீஸ் வேலையில் பழகிய காது பீலியனுக்கு. துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே இருந்தது ஒரு தேர்தல் அட்டை. தொப்பியில்லாத, முடி சுருட்டிவிட்ட, உதட்டில் கொஞ்சம் சாயம் பூசிய லுவான் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். கையால் எழுதிய எழுத்து: 'தெற்கு வட்டத் தலைவர் பதவிக்கு சென் லுவான். உங்க சந்துக்காரி.'

கொட்டகையில் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கேமரா மட்டும் இரைந்தது.

"லுவான், நீயா நிக்கப் போற?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். "சொல்லவே இல்லையே..."

"இன்னும் யாருக்கும் சொல்லல" என்றாள் லுவான். கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தது. "சிரிப்பீங்களோன்னு இருந்துச்சு. பௌர்ணமிக்குச் சொல்லலாம்னு..."

டிவிக்காரன் மைக்கை நீட்டினான். "அம்மா, பலகையைத் திருடினது தேர்தலுக்காகத்தானா? கடல்ல போட்டுட்டீங்களா?"

லுவான் மைக்கை ஒதுக்கிவிட்டு நடந்தாள். அட்டையை எடுத்துத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள். பிறகு பீலியனைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள்: "அடுப்படியையும் பாக்கணுமா?"

பீலியனுக்குக் கையிலிருந்த சிவப்புத் துணியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். அதை லுவானே வாங்கிக்கொண்டாள்.

* * *

காரில் ஏறி உட்கார்ந்தும் பீலியன் சாவியைத் திருப்பவில்லை. ஆதாவ் வர நேரமாயிற்று. வந்தவனின் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"அக்கா, அந்த டிவி வேன் எங்கிருந்து வருது தெரியுமா? தைச்சுங். ரெண்டு மணி நேரப் பாதை. நாம கோயில்ல இருந்து இங்க வர எவ்வளவு நேரமாச்சு? ஒரு பாக்கு மெல்லற நேரம்."

பீலியன் திரும்பினாள்.

"கேமராக்காரன் நம்ம பழைய மேடைக்கூட்டாளி. கேட்டேன். விடியறப்பவே வந்துட்டானாம். 'சிப்பிக் கொட்டகை ரோட்ல நில்லுங்க, காவ் மேடம் வந்து கையும் களவுமா பிடிப்பாங்க'ன்னு தகவல்."

"விடியறப்பவா? நான் அப்ப தூங்கிட்டு இருந்தேன். ரூஹுய் போனே வரல."

"நீங்க கண்டுபிடிக்கப் போறதை உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்காங்க."

"தகவல் சொன்னது யாரு?"

"பச்சை மேலங்கி ஆபீஸ்."

பீலியன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். தூள், நூல், கட்டை. மூன்றும் யாரோ ஒருத்திக்காகச் சமைத்துப் பரிமாறியது. அந்த ஒருத்தி யாரைத் தேடுவாள், எதைக் கண்டால் மயங்குவாள் என்று தெரிந்தே சமைத்தது. சட்டம் போட்டு மாட்டிய பத்திரிகையைப் படித்தவர்கள் செய்த சமையல். ஆறு பேர் தூக்கின பலகை என்று வூ சொன்னபோதுகூட அவள் காதில் ஏறவில்லை. ருசி அப்படி.

"திட்டு ஆதாவ்."

"வேண்டாம் அக்கா. இன்னைக்கு எனக்கே வரல."

அவள் நிமிர்ந்தாள். "ஆறு பேர் ஒரு பெரிய பலகையைத் தூக்கிட்டுப் போறாங்க. பாத்தவன் ஒருத்தன்கூடக் கேள்வி கேக்கல. எப்படி?"

ஆதாவ் உதட்டைப் பிதுக்கினான். பிறகு கண் விரிந்தது. "மேடை கட்டறவன் பலகை தூக்கினா எவன் கேப்பான்?"

* * *

கோயில் முற்றத்தில் மேடை தயாராக நின்றது. சிவப்புக் கம்பளம், பூக்கூடைகள். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஆதாவ் மைக் சரிபார்க்கிறவன் போல மேடையில் ஏறி, குதிகாலால் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தான். எல்லா இடத்திலும் 'டம் டம்' என்று ஒலித்த மேடை, பேசுகிறவர் நிற்கும் இடத்தில் மட்டும் 'தொக்' என்றது. அங்கே மட்டும் அடியில் கனமான, பழைய மரம்.

பீலியன் மேடைக்குப் பின்னால் ரூஹுய்யைப் பிடித்தாள்.

"பலகை எங்க இருக்குன்னு தெரியும்."

ரூஹுய் ஒரு நொடிதான் திகைத்தாள். "அது நாளைக்குக் கிடைச்சிரும் அக்கா. சிப்பிப் பாத்திக்குப் பக்கத்துல."

"லுவான் உங்களுக்கு என்ன பண்ணினா?"

"ஒவ்வொரு கூட்டத்துலயும் எந்திரிச்சு அதே கேள்வி. 'உங்கப்பா கட்டின கடல் தடுப்புச் சுவரு ஏன் எங்க சந்துக்கு முன்னாடியே நின்னு போச்சு?' டிவில அதைத்தான் போடறான். நான் பேசறது எதுவும் வரல." அவள் மேலங்கியைச் சரி செய்துகொண்டாள். "நான் சொன்னா அரசியல்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன். உங்களுக்கு நல்ல பேரு இருக்கு."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"மேடையில ஏறி, லுவான் திருடலன்னு நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் ஏறிச் சொல்லுவேன்."

ரூஹுய் தலையாட்டினாள்.

சக்கர நாற்காலியில் டிங் ஐயாவை மேடையேற்றினார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ரூஹுய் மைக் முன் நின்றாள்.

"அப்பாவோட பலகை கிடைச்சிருச்சு! கோயில் ஆளுங்க துடைக்கறதுக்காக எடுத்து வச்சிருக்காங்க. சின்னக் குழப்பம். அம்மன் நம்ம பக்கம்!"

கைதட்டல். மேளம். லுவான் என்ற பெயர் வரவே இல்லை.

பீலியன் படியேறினாள். யார் யாரோ தடுக்க வந்தார்கள். அதற்குள் ஆதாவ் இன்னொரு மைக்கை அவள் கையில் திணித்திருந்தான்.

"நான் காவ் பீலியன்" என்றாள். "இன்னைக்குக் காலையில தெற்குச் சந்து சென் லுவானை, அவங்க கூட வேலை செய்யறவங்க முன்னாடி, திருடின்னு சொன்னேன். அவங்க திருடல. நான் சொன்னது பொய். எனக்குக் கிடைச்ச தடயம் எல்லாம் எனக்காகவே வச்சது. நான் புத்திசாலின்னு நினைச்சுக்கிட்டதால அது தெரியல."

முகம் எரிந்தது. கீழே தெரிந்த முகங்களில் ஒன்றைக்கூட அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

டிங் ஐயா தலையைத் தூக்கினார். "அப்ப எடுத்தது யாரு?"

பீலியன் கம்பளத்தை இழுக்கக் குனியவில்லை. காலையில் ஒரு துணியை இழுத்த கை இன்னும் கூசிக்கொண்டிருந்தது. ரூஹுய்யைப் பார்த்தாள். பிறகு, ரூஹுய் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

ரூஹுய்யும் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மெதுவாக ஒரு காலைத் தூக்கினாள். பிறகு அடுத்த காலை. சூடான தரையிலிருந்து விலகுவதுபோல் கம்பளத்தின் ஓரத்துக்குப் போனாள்.

"பத்திரமா மறைச்சு வைங்கன்னுதான் சொன்னேன்" என்றாள், தணிந்த குரலில். "இங்கன்னு சொல்லல அப்பா."

கிழவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளத்தை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

"உங்கம்மா இருந்திருந்தா உன்னை அறைஞ்சிருப்பா" என்றார். மைக் அவர் பேச்சையும் சேர்த்து முற்றம் முழுக்கக் கொண்டுபோனது. "எனக்குக் கை வரல. நீ இதெல்லாம் எங்கிட்டதான கத்துக்கிட்ட?"

மேளக்காரன் குச்சியைக் கையில் வைத்தபடி நின்றான். யாரும் கலைந்து போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

* * *

அன்று ராத்திரி செய்தியில் மேடை வரவில்லை. கொட்டகை வந்தது. சிவப்புத் துணியை இழுக்கும் பீலியன், சிவந்த முகத்தோடு லுவான், கீழே 'பலகைத் திருட்டில் வேட்பாளர்' என்ற எழுத்து. மறுபடி மறுபடி வந்தது. டிவிக்காரர்களுக்குப் போன் போட்டு ஆதாவ் கத்தினான். பார்க்கிறோம் என்றார்கள்.

மறுநாள் காலையில் பீலியன் தனியாகத் தெற்குச் சந்துக்குப் போனாள். லுவான் வாசலில் தேர்தல் அட்டையிலிருந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கழட்டறீங்க?"

"கோழிக் கூண்டுக்கு ஆகும்." நிமிரவில்லை. "மண்டி போட வந்தீங்களா? வேண்டாம். தேர்தல் வந்தா இந்த ஊர்ல எல்லாரும் ஓட்டுக்காக மண்டி போடறாங்க. பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

"மண்டி போட வரல. நடக்க வந்தேன்."

"எங்க?"

"ஓட்டுக் கேக்க நீங்க வீடு வீடா போகணும்தான? ஒவ்வொரு வீட்டுலயும் உங்களுக்கு முன்னாடி நான் பேசறேன். டிவி சொல்லாததை நான் சொல்றேன்."

லுவான் சுத்தியலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லா வீடுமா?"

"எல்லா வீடும்."

"எங்க சந்து நீளம்."

"சரி."

லுவான் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முன்னால் நடந்தாள். முதல் வீட்டில் வயசான ஒருத்தர் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "அட, டிவில வந்த திருடி..."

பீலியன் இடுப்பு வரை குனிந்தாள். "திருடி இல்லீங்க ஐயா. அப்படிச் சொன்னவ நான். தப்பு என்னோடது."

"என்ன? சத்தமா சொல்லும்மா. காது கேக்காது."

"தப்பு என்னோடது! லுவான் திருடல!"

"ஆங்?"

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சந்தில் கதவுகள் திறந்தன. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். காது மடல் வரை ரத்தம் ஏற, பீலியன் குனிந்தபடியே இருந்தாள்.

கிழவர் தலையாட்டி, கஞ்சியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு உள்ளே போனார்.

லுவான் அடுத்த வாசலை நோக்கி நடந்தாள். இரண்டடி போனதும் திரும்பினாள்.

"அடுத்த வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றாள். "ஆனா அவர்கிட்டயும் இதே சத்தத்துலதான் சொல்லணும்."